சக்கரம் வளர்ந்தால்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை ஆசையோடு வாங்கியவர், அதன் முதல் சர்வீஸ் முடிவதற்கு முன்பே, அதைத் தரையிலிருந்து இன்னும் இரண்டு மூன்று அங்குலம் தூக்கி நிறுத்தி, பட்டன் பட்டனாகத் துருத்தி நிற்கும் முரட்டு டயர்களை மாட்டிப் பார்க்கவேண்டும் என்று தவிப்பது நம் நகரங்களில் இப்பொழுது சர்வசாதாரணமாகிவிட்டது. பட்டறைக்குள் நுழைந்ததும் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, “எங்கே ஓட்டப் போறீங்க?” என்பதாக இருப்பதில்லை, “எத்தனை இஞ்ச் ஏத்தணும் சார்?” என்பதாகவே இருக்கிறது. கேட்பவர் துணி அளந்து விற்பவரல்லர். ஒன்றோடொன்று கணக்காகப் பிணைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான உறுப்புகள் கொண்ட யந்திரத்தில் கைவைக்கப் போகிறவர். ஆயினும் அங்குலம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பேரம் முடிந்துவிடுகிறது. அந்த அங்குலம் எங்கிருந்து வருகிறது, வந்தபின் வண்டியின் மற்ற அவயவங்கள் என்ன பாடுபடுகின்றன என்பதைச் சாமானிய வாசகருக்குச் சற்று விஸ்தாரமாகச் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம். உதாரணத்துக்கு மஹிந்திரா தார் வண்டியை எடுத்துக்கொள்கிறேன். நம் தெருக்களில் அதிகமாக உயர்த்தப்படுவது அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் சக்கரம். கரடுமுரடான பாதைக்குப் பெரிய சக்கரமே உகந்தது என்பதை மோட்டார் யுகம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மாட்டுவண்டிக்கு ஆள் மார்பளவு சக்கரம் செய்த நம் தச்சர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. எதிரே ஒரு கல் குறுக்கிடும்பொழுது, சக்கரம் சிறிதாயின் அக்கல் அதற்குச் சுவராக நிற்கிறது. பெரிதாயின் வெறும் மேடாகத் தாழ்ந்துவிடுகிறது. அச்சிலிருந்து கிடைமட்டமாகத் தள்ளப்படும் சக்கரம், தன் ஆரத்துக்குச் சமமான உயரமுள்ள படியில், எவ்வளவு பலங்கொண்டு தள்ளினாலும் ஏறாது என்பது கணித சாஸ்திரம். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்புக்கு இருந்தது ஏறத்தாழ 29 அங்குல விட்டமுள்ள ஒடிசலான டயர்தான். 1940களின் இறுதியில் அந்த ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவின் இன்றைய வாரிசான தார், 16 அங்குல ரிம் உள்ள வகையில், 245/75 ஆர் 16 என்று பக்கவாட்டில் பொறிக்கப்பட்ட டயருடன் வருகிறது.

அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். முதல் எண் டயரின் அகலம்: 245 மில்லிமீட்டர். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பதைக் காட்டுகிறது: 75 பங்கு, அதாவது சுமார் 184 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்பது ரேடியல் என்னும் நெசவு முறையையும், கடைசி எண் ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிப்பன. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களையும் நடுவிலுள்ள ரிம்மையும் கூட்டினால் முழுச் சக்கரத்தின் விட்டம் 774 மில்லிமீட்டர், ஏறக்குறைய முப்பதரை அங்குலம். இதன் இடத்தில் பலரும் விரும்பும் 285/75 ஆர் 16 டயரை மாட்டினால் விட்டம் 834 மில்லிமீட்டர் ஆகிறது. அறுபது மில்லிமீட்டர் கூடுதல். ஆனால் அச்சு இருப்பது சக்கரத்தின் நடுமையத்தில் அல்லவா? ஆகவே தரைக்கும் அச்சுக்கும் இடையில் நமக்குக் கிடைக்கும் லாபம் அதில் பாதி, முப்பதே மில்லிமீட்டர்.

இவ்வளவு செலவுக்கு இவ்வளவுதானா என்று வாசகர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த முப்பது மில்லிமீட்டரைப் பட்டறையின் வழக்கமான வேறெந்த உபாயத்தாலும் பெறமுடியாது. தார் வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு சக்கரங்களையும் இணைத்துக்கொண்டு ஒரே இரும்பு அச்சு கிடக்கிறது; அதன் நடுவில் உருண்டையாகப் பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான் பாறையில் முதலில் இடிபடுகிற அங்கங்களில் ஒன்று. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கோ அச்சுக்கு மேலே இருப்பது. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் நீட்டினாலும் உயர்வது வண்டியின் உடலும் சட்டமுமேயன்றி, அந்த டிஃபரன்ஷியல் உருண்டை ஒரு மயிரிழைகூட மேலெழும்புவதில்லை. தெருவில் கம்பீரமாக உயர்ந்து நிற்கும் பல வண்டிகள் காட்டுப்பாதையில் பழைய இடத்திலேயே தட்டுப்பட்டு நின்றுபோவதன் காரணம் இதுதான்.

அப்படியானால் ஸ்பிரிங்கை உயர்த்துவது வீண் வேலையா என்றால், அதுவும் இல்லை. முதலாவதாக, பெரிய சக்கரம் மேலும் கீழும் ஆடவும் இருபுறமும் திரும்பவும் மட்கார்டுக்குள் இடம் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்குவதே உயர்த்துதலின் தலையாய பிரயோஜனம். இரண்டாவதாக, வண்டியின் வயிறு உயர்கிறது. மேடு ஒன்றின்மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியபின் சட்டத்தின் நடுப்பாகம் மேட்டில் உட்கார்ந்துகொண்டு சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும் அவஸ்தையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். முன்னும் பின்னும் பம்பர் தட்டாமல் ஏறி இறங்கக்கூடிய கோணங்களும் சற்று விரிகின்றன. ஆனால் தார் கம்பெனியிலிருந்து வரும்பொழுதே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியும், 41 பாகைக்கு மேற்பட்ட முன்கோணமும், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் சக்தியும் உடையது. இவையெல்லாம் போதாத பாதை உண்மையில் நம் பிரயாணத்தில் குறுக்கிட்டதா என்று கேட்டுக்கொள்ளாமலே பட்டறைக்குப் போகிறவர்கள்தாம் அதிகம்.

உயர்த்தும் முறைகளில் உத்தமம், மத்திமம், அதமம் என்று மூன்று தரங்கள் உண்டு. புதிய, நீளமான சுருள் ஸ்பிரிங்குகளும், அவற்றின் நீளத்துக்கும் விறைப்புக்கும் ஏற்ற ஷாக் அப்சார்பர்களும், கோணம் மாறியதைச் சரிக்கட்டும் சஸ்பென்ஷன் கைகளும் ஒரே தொகுதியாக வடிவமைக்கப்பட்டு வருவது உத்தமம்; விலையும் அதற்குத் தக்கபடி இருக்கும். பழைய ஸ்பிரிங்கின் தலையில் அலுமினியத்தாலோ கெட்டி ரப்பர் போன்ற பொருளாலோ ஆன வட்டு ஒன்றைச் செருகி உயர்த்துவது மத்திமம். உயரம் வருகிறது, ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய நீளமே ஆகையால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்பொழுது அது தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு ‘டக்’கென்று அடித்து நிற்கிறது, எந்தப் பள்ளத்தில் சக்கரம் தாராளமாகத் தொங்கி மண்ணைத் தொடவேண்டும் என்று இத்தனையும் செய்தோமோ, அந்தப் பள்ளத்தில் அது முன்னிலும் குறைவாகவே தொங்குகிறது. கமான் பட்டை உள்ள பழைய ஜீப்புகளில் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பதும், ஷேக்கிளை நீட்டுவதும், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்து நீளமான யு போல்ட்டால் முடுக்குவதும் வெகுகாலமாக நடந்துவருபவை. பின் அச்சில் கட்டை வைப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் உள்ள முன் அச்சில் கட்டை வைப்பது பெரும் அபாயம். பிரேக் பிடிக்கும்பொழுது அச்சு முறுக்கிக்கொள்ள, அந்தக் கட்டை இடம் பெயர்ந்தால் வண்டி ஓட்டுநரின் வசத்தில் இருக்காது. இதுவே அதமம்.

இனி, உயரத்தைத் தொடர்ந்து வருகிற சங்கிலி. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டுகள் ஒரு குறிப்பிட்ட சாய்வில் சுழலும்படி அமைக்கப்பட்டவை. உடல் உயர்ந்து சக்கரம் அதே இடத்தில் நின்றால் அச்சாய்வு அதிகமாகிறது. தாரின் முன்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அமைப்பு உடையவை. அவற்றைச் சுழற்றும் ஷாஃப்டுகளின் முனையிலுள்ள மூட்டுகள் எந்நேரமும் வளைந்த நிலையிலேயே சுழன்று, மேலே போர்த்திய ரப்பர் உறை மடிப்புகளில் உராய்ந்து கிழிகிறது. “ஆக்ஸில் பூட் போயிடுச்சு” என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். கிழிந்த உறைக்குள் மண் புகுந்தால் மூட்டு வெகுநாள் தாங்காது. பின்பக்கத்து நீண்ட ஷாஃப்டிலோ கிராஸ் என்னும் மூட்டின் கோணம் கெட்டு, குறிப்பிட்ட வேகத்தில் இருக்கைக்கடியில் ஓர் அதிர்வு எழும். ஸ்டியரிங்கைத் தானே நேராகத் திருப்பிக் கொண்டுவரும் காஸ்டர் என்னும் சாய்வு மாறி, நெடுஞ்சாலையில் வண்டி அங்குமிங்கும் அலையும். பின் அச்சைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் குறுக்குத் தண்டு உள்ள வண்டிகளில், உயர்த்தியபின் அச்சே ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவதால், பின்னால் நின்று பார்த்தால் ஒருபுறச் சக்கரம் மட்டும் வெளியே துருத்தியிருக்கும். பிரேக் ஹோஸின் நீளம் போதுகிறதா என்று, சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தாலன்றித் தெரியாது. முகவிளக்குகள்கூட வானத்தை நோக்கத் தொடங்கி எதிரே வருகிறவரின் கண்ணைக் குருடாக்கும். வீல் அலைன்மென்ட் ஒன்றைச் செய்துவிட்டு எல்லாம் சரியாயிற்று என்று அனுப்பிவிடும் பட்டறை, வேலையில் கால்பங்கைத்தான் செய்திருக்கிறது.

சக்கரம் பெரிதானதற்கு வேறு கணக்கு. 774 மில்லிமீட்டர் சக்கரம் கிலோமீட்டருக்கு 411 முறை சுழலும்; 834 மில்லிமீட்டர் சக்கரம் 382 முறை சுழன்றால் போதும். வண்டியின் ஸ்பீடோமீட்டருக்கு இந்த வளர்ச்சி தெரியாது. அது சுழற்சியை எண்ணி வேகத்தை ஊகிப்பதாகையால், பழைய சக்கரத்தில் 100 காட்டிய இடத்தில் இப்பொழுதும் 100 என்றே காட்டும். நிஜத்தில் வண்டி 108 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமீபமாகப் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரத்தையும் அது குறைத்தே எழுதுவதால், ஆயில் மாற்றவேண்டிய தவணை தள்ளிப்போகிறது. வண்டியை விற்கும்பொழுது மட்டும் இது சிலருக்கு இனிப்பாக இருக்கக்கூடும். எஞ்சின் தரும் முறுக்குவிசை மாறவில்லை. ஆனால் நெம்புகோலின் மறுமுனையான சக்கரத்தின் ஆரம் நூற்றுக்கு எட்டுப் பங்கு நீண்டுவிட்டபடியால், தரையை உந்தும் பலம் ஏழு பங்குக்குமேல் குறைகிறது. செங்குத்தான ஏற்றத்தில் பாறை மேல் ஊர்ந்து ஏறவேண்டியவருக்கு அதிகம் வேண்டியது அந்தப் பலந்தான் என்பது இதில் உள்ள விசித்திரம். டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலையும் பினியனையும் வேறு விகிதத்தில் மாற்றிப் போட்டால் இழந்ததை மீட்கலாம். செலவைக் கேட்டதும் பெரும்பாலோர் அந்தப் பேச்சை விட்டுவிடுவர். பிரேக்குக்கும் இதே கதி: அதே டிஸ்க், அதே காலிப்பர், ஆனால் நிறுத்தவேண்டிய சக்கரமோ பெரிது. முரட்டு டயர் ஒன்று பழைய டயரைவிட ஐந்தாறு கிலோ கனமாக இருப்பதும் சகஜம். அந்தக் கனம் வெளிவிளிம்பிலேயே சேர்வதால், சுழற்றுவதும் நிறுத்துவதும் இரண்டும் கஷ்டம்.

இவற்றையெல்லாம் பணத்தால் ஓரளவு சரிக்கட்டலாம். பணத்தால் எளிதில் சரிக்கட்ட முடியாதது ஸ்திரத்தன்மை. ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை மதிப்பிட அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை ஓர் எளிய பிரமாணத்தைக் கைக்கொள்கிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தில் பாதியை, வண்டியின் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும். உயரமான எஸ்யூவிகளுக்கு 1 முதல் 1.3 வரை. உதாரணத்துக்கு ஒரு வண்டியில் பாதி அகலம் 760 மில்லிமீட்டர், மையத்தின் உயரம் 700 என்று வைத்துக்கொள்வோம், எண் 1.09. அதன் ஸ்பிரிங்கை 50 மில்லிமீட்டரும் சக்கர ஆரத்தை 30 மில்லிமீட்டரும் உயர்த்தினால், மையம் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் மேலே போகிறது, எண் 0.98 ஆகிறது. பார்வைக்கு அற்பமான இந்த வித்தியாசம், நெடுஞ்சாலையில் எதிர்பாராமல் குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்க ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கும் அந்த ஒரு கணத்தில் அற்பமானதல்ல. தாரின் உயர்வகைகளில் கவிழாமல் காக்கும் மின்னணு ஏற்பாடு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வாரும் உண்டு. அந்த ஏற்பாட்டுக்குக் கற்பிக்கப்பட்டது கம்பெனி உயரந்தானேயன்றி, பட்டறை உயரமல்ல.

டயரின் ஜாதி பற்றியும் ஒரு வார்த்தை. ஏ.டி. என்று வழங்கும் எல்லாத் தரைக்குமான டயர் ஒன்று, எம்.டி. என்று வழங்கும் சேற்று டயர் மற்றொன்று. பின்னதன் பட்டன்கள் பெரியவை, இடைவெளிகள் அகன்றவை; சக்கரம் சுழலும் வேகத்தில் அப்பிய சேற்றைத் தானே உதறிவிடும் என்பதே அதன் பெருமை. ஆனால் மழையில் நனைந்த தார்ச்சாலையில், தரையைத் தொடும் ரப்பர் குறைவாக இருப்பதால், நிற்கும் தூரம் கூடுகிறது. ஓயாத இரைச்சலைச் சொல்லவே வேண்டாம். மணலிலோ அதன் கூர்மையே அதற்குச் சத்துருவாகி, முன்னேறுவதற்குப் பதிலாகக் குழிதோண்டி இறங்கிவிடுகிறது. வருஷத்தில் பெரும்பகுதி ஊர்ச்சாலையில் ஓடுகிற வண்டிக்கு எம்.டி. டயர் மாட்டுவதை நான் அழகுணர்ச்சி என்றுதான் சொல்வேன்.

எல்லாவற்றிலும் மலிவானதும், ஆனால் கடையில் விற்கமுடியாத காரணத்தால் ஒருவரும் எடுத்துச்சொல்லாததுமான உபாயம், டயரில் காற்றைக் குறைப்பது. ஒரு சக்கரத்தின் மேல் 450 கிலோ பாரம் இறங்குகிறது என்று கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு, பெட்ரோல் பங்க் வழக்கில் 32 பாயிண்ட் காற்று இருக்கும்பொழுது, அந்தப் பாரத்தைத் தாங்கத் தரையைத் தொடவேண்டிய ரப்பரின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். காற்றை 16 பாயிண்டாக்கினால் அது 400 சதுர சென்டிமீட்டரை நெருங்குகிறது. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் குறுக்கிட்டாலும் தத்துவம் இதுவே. டயர் குறுக்கே அகலுவதைவிட நெடுக்கே நீளுகிறது. மணலில் புதையாமல் மிதக்கிறது. கூரான கல்லைத் தழுவிக்கொண்டு ஏறுகிறது. அகலமான புதுடயருக்கு லட்சக்கணக்கில் செலவழிப்பவர், இருக்கிற டயரிலேயே இந்த வித்தையைச் செய்து பார்த்தபின் தீர்மானிப்பது நல்லது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்பிவிடவேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. குறைந்த காற்றில் வேகமாக ஓடும் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

தேனி மாவட்டத்தின் எல்லையிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஏறும் பாதையைப் பார்த்தவர்கள், அதைப் பாதை என்று அழைக்கவே தயங்குவார்கள். பெயர்ந்த பாறைகளும் குழிகளுமாகக் கிடக்கும் அந்த ஏற்றத்தில் விடியலுக்கு முன்பே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகின்றன, ஒடிசலான டயரும் கமான் பட்டையும் கொண்ட பழைய ஜீப்புகள். ஓட்டுநர்கள் லோ கியரில் போட்டு, எந்தக் கல்லின் மேல் எந்தச் சக்கரத்தை வைப்பது என்பதை மனப்பாடமாக அறிந்து, அவசரமின்றி ஏறுகிறார்கள். குழிக்கு நடுவே போகாமல் இரு மேடுகளின் மேலும் சக்கரங்களை வைத்து டிஃபரன்ஷியலைக் காப்பாற்றும் அவர்கள் சாமர்த்தியத்துக்கு எத்தனை அங்குலம் மதிப்புப் போடுவது?

ஆனால் பெரிய சக்கரம் ஆடம்பரமல்ல, ஜீவாதாரம் என்று சொல்லத்தக்க தேசம் ஒன்று உண்டு. ஐஸ்லாந்தின் நடுப்பகுதி பனிப்பாறையும் எரிமலை மணலும் நிரம்பியது. குளிர்காலத்தில் அங்கே அகப்பட்டுக்கொண்டவரை மீட்கப் போகும் வண்டி பனியில் புதைந்தால் அதையும் மீட்கவேண்டிவரும். ஆகவே அந்நாட்டார் டொயோட்டா ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் போன்ற வண்டிகளுக்கு 38 அங்குலமும் அதற்கு மேலுமான டயர்களைப் பூட்டி, காற்றை இரண்டு மூன்று பாயிண்ட் வரை இறக்கி, புதுப்பனியின் மேல் மிதந்து செல்லும் கலையை வளர்த்தார்கள். அவர்கள் வெறும் வட்டு வைத்து உயர்த்துவதில்லை. மட்கார்டுப் பகுதியை வெட்டி அகலப்படுத்துகிறார்கள். கியர் விகிதத்தை மாற்றுகிறார்கள். சக்கரங்களின் இடைத்தூரத்தை அதிகரிக்கிறார்கள். ஆகவே உயரம் கூடும்பொழுது அகலமும் கூடி ஸ்திரம் ஓரளவு காக்கப்படுகிறது. மாற்றிய வண்டி பரிசோதனைக்கு உட்பட்டுப் பதிவாகிறது. இத்தொழிலில் பேர்பெற்ற ஆர்க்டிக் டிரக்ஸ் அங்கே 1990இல் தொடங்கியது. 2007இல் பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சிக்காக, 1996ஆம் ஆண்டில் வட காந்த துருவம் இருந்த இடம்வரை உறைகடலின்மேல் ஓட்டிச் செல்லப்பட்ட ஹைலக்ஸ் அவர்கள் கைவேலையே.

நம் நாட்டின் சட்டம் இவ்விஷயத்தில் இவ்வளவு தாராளமல்ல. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த மூல விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்தது. அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டபொழுது, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும் என்று உரிமையாளருக்குத் தண்டனையும் வகுக்கப்பட்டது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். கம்பெனி தானே அந்த மாடலுக்கு அங்கீகரித்துள்ள டயர் அளவுகளுக்குள் நின்று, பட்டன் மட்டும் சற்று முரடான ஏ.டி. டயரைத் தேர்ந்துகொள்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. தனியார் நிலத்தில் ஓடும் போட்டி வண்டிகளை உருமாற்றுவோர் விஷயம் வேறு. அவர்கள் அந்த வண்டியைச் சாலையில் ஓட்டாமல் டிரெய்லரில் ஏற்றியே கொண்டுபோகிறார்கள்.

எல்லாம் தெரிந்தே டயரை மாற்றத் துணிகிறவரும் ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்த்துவிடுகிறார்: நான்கு டயர் வாங்கிக்கொண்டு, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறார். மலைமேல் பஞ்சராகிறது, சிறிய சக்கரம் ஒருபக்கம் ஏறுகிறது. ஒரே அச்சில் இரண்டு விட்டம் சேர்ந்ததும், வளைவுகளில் மட்டும் வேலை செய்யவேண்டிய டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் அரைபடுகின்றன. அந்நிலையில் ஃபோர் வீல் போட்டுக் கெட்டியான தரையில் ஓட்டினாலோ, முன்ஷாஃப்டும் பின்ஷாஃப்டும் வெவ்வேறு கணக்கில் சுழல முயன்று, நடுவிலுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி லீவரே அசையாமல் இறுகிவிடும். ஐந்தாவது டயரையும் அதே அளவில் வாங்கவேண்டும். வாங்கினால் அதன் கூடுதல் கனம் முழுதும் பின்கதவின் கீல்களில் விழுகிறது என்பதால், கதவை ஒருதரம் கையால் தூக்கி அசைத்துப் பார்த்து, ஆட்டம் கண்டிருந்தால் கீலையும் பலப்படுத்தவேண்டும்.